முயல் வேட்டையும் தோட்டாவும்: ஒரு மஸ்அலா விளக்கம்

முண்டியம்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிகள் ஓயாத ஊர் அது. கரும்புக் கொல்லையை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் நிலக்கடலையும் உண்டு. முயல்கள் இரவில் வந்து இளஞ்செடியைக் கொறித்து விடுகின்றன. தகப்பனார் காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்புக்கான லைசென்சோடு வீட்டில் இருக்கிறது. இங்கிலாந்தில் இருக்கும் மச்சான், "முயலுக்கு 5 நம்பர் தோட்டாதான் சரி" என்கிறார். ஊர் நண்பர் ஒருவர், "4 நம்பர் போட்டால் அந்த இடத்திலேயே விழுந்து விடும்" என்கிறார். இதற்கிடையில் யாரோ சுட்டுக் கொண்டு வந்து கொடுத்த முயல் கறியைத் தாயார் சமைக்க மறுத்து விட்டார்கள். "சுட்டுச் செத்ததை என் சட்டியில் போட மாட்டேன்" என்று அவர்கள் சொல்ல, வீட்டில் மனஸ்தாபம் ஏற்பட்டிருக்கிறது. "எந்தத் தோட்டா நல்லது? தாயார் சொல்வது சரியா?" என்று சகோதரர் கேட்கிறார்.

இது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமல்ல. நம் கிராமங்களில் பலருக்கும் உள்ள சந்தேகம்தான். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

முயல் ஹலாலா?

முதலில் அடிப்படையைத் தெரிந்து கொள்வோம். முயல் இறைச்சி ஹலால். நான்கு மத்ஹபு இமாம்களும் இதில் ஒருமித்திருக்கிறார்கள். ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் இடம் பெற்றுள்ளது. மக்காவுக்கு அருகில் மர்ருழ் ழஹ்ரான் என்னுமிடத்தில் அவர்கள் ஒரு முயலைக் கிளப்பி விரட்டினார்கள். கூட வந்தவர்கள் களைத்து நின்று விட, அனஸ் (ரலி) அவர்கள் அதைப் பிடித்து அபூதல்ஹா (ரலி) அவர்களிடம் கொண்டு போனார்கள். அவர்கள் அதை அறுத்து, அதன் தொடைப் பகுதியை நாயகம் (ஸல்) அவர்களுக்கு அனுப்பி வைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்றுக் கொண்டார்கள்.

இந்தச் சம்பவத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முயல் உயிரோடு பிடிக்கப்பட்டது. பிறகு முறைப்படி அறுக்கப்பட்டது. ஹலாலான பிராணி என்பது ஒரு விஷயம், அது ஹலாலான முறையில் உயிர் நீத்ததா என்பது வேறொரு விஷயம். ஆடும் ஹலால்தான். ஆனால் கிணற்றில் விழுந்து செத்த ஆட்டை நாம் உண்பதில்லையே! தாயாரின் கேள்வி இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றியது.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

மஸ்அலாவைப் புரிந்து கொள்ளக் கருவியைப் புரிந்து கொள்ள வேண்டும். முயலுக்குச் சுடும் துப்பாக்கி பெரும்பாலும் 12 போர். 1 பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ, அதுவே குழலின் அளவு, அதாவது சுமார் 18.5 மில்லிமீட்டர். நம் நாட்டில் புனே அருகிலுள்ள கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் செய்யப்படும் 'ஷக்திமான்' தோட்டாக்கள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பவை.

தோட்டாவின் அடியில் உலோகத் தொப்பி, அதன் நடுவே தட்டினால் தீப்பொறி தரும் சிறு மூடி, அதற்கு மேலே மருந்து, அதன் மேல் அடைப்பு, அதற்கும் மேலே ரவை. துப்பாக்கியின் ஊசி மூடியைத் தட்டியதும் மருந்து எரிந்து வாயுவாகப் பெருகி, அடைப்பையும் ரவையையும் குழல் வழியே வெளியே தள்ளுகிறது. வெளியே வந்த ரவை போகப் போக விரிந்து கொண்டே போகும்.

நம்பர் என்பது ரவையின் பருமனைக் குறிப்பது. நம்பர் கூடக் கூட ரவை சிறுக்கும். ஆங்கில அளவுப்படி 6 நம்பர் ரவை சுமார் 2.6 மில்லிமீட்டர், 5 நம்பர் 2.8, 4 நம்பர் 3.1 மில்லிமீட்டர். 30 கிராம் ரவை நிரப்பிய தோட்டாவில் 6 நம்பரானால் ஏறத்தாழ 285 ரவைகளும், 5 நம்பரானால் 230ம், 4 நம்பரானால் 180ம் இருக்கும். அமெரிக்கக் கணக்கு கொஞ்சம் மாறுபடும். அவர்களுடைய 6 நம்பர், ஆங்கில 5 நம்பருக்கு நெருக்கமானது.

ரவை சிறிதானால் எண்ணிக்கை கூடும், ஆனால் ஒவ்வொன்றின் வேகமும் சீக்கிரம் குறைந்து விடும். பெரிதானால் ஆழமாகப் பாயும், ஆனால் எண்ணிக்கை குறைவதால் நடுவில் இடைவெளி விழும். அதனால்தான் முயல் வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் 30 கஜம், 35 கஜ தூரத்துக்குள் 5 நம்பரோ 6 நம்பரோ எடுத்துக் கொள்கிறார்கள். எல்.ஜி., எஸ்.ஜி. என்ற பெரிய குண்டுத் தோட்டாக்கள் முயலுக்குப் பொருந்தவே மாட்டா. ஒன்று முழுவதும் தவறும், அல்லது இறைச்சியைச் சிதைத்து விடும்.

ஆக, மச்சான் சொன்ன கணக்கு அவர் இருக்கும் நாட்டுக்குத் தவறல்ல. அங்கே முயல் பயிருக்குப் பகையாக எண்ணப்படுகிறது. முறையான சான்றிதழ் உள்ளவர், நில உரிமையாளரின் சம்மதத்தோடு சுடலாம். அந்த முயல் மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் வேறு இனம். பிடரியில் கறுப்புத் திட்டுள்ள நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது. பகலில் புல்லிலும் புதரிலும் பள்ளம் செய்து பதுங்கியிருந்து, இரவில் மேயக் கிளம்பும்.

ரவை எப்படிக் கொல்கிறது?

இங்கேதான் மஸ்அலா தொடங்குகிறது. சூரத்துல் மாயிதாவில் அல்லாஹு தஆலா தாமாகச் செத்தவற்றோடு, கழுத்து நெரிபட்டும், அடிபட்டும், விழுந்தும், கொம்பால் முட்டப்பட்டும் செத்தவற்றையும் நமக்கு விலக்கியிருக்கிறான். உயிர் போகுமுன் நாம் அறுத்து விட்டவை மட்டும் இதில் விலக்குப் பெறும். அடிபட்டுச் செத்ததற்கு 'மவ்கூதா' என்று பெயர்.

ஹழ்ரத் அதிய்யிப்னு ஹாதிம் (ரலி) அவர்கள் வேட்டையில் பழகியவர்கள். எறிகோலால் வேட்டையாடுவது பற்றி அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். கோலின் கூர்முனை பாய்ந்து கிழித்திருந்தால் உண்ணலாம் என்றும், அதன் பக்கவாட்டு அகலம் பட்டுச் செத்திருந்தால் அது அடிபட்டுச் செத்ததே என்றும் விளக்கம் கிடைத்தது. இதிலிருந்து பிக்ஹு அறிஞர்கள் ஒரு விதியை எடுத்தார்கள்: ஆயுதம் கூர்மையால் வெட்டிக் கொன்றால் ஹலால், கனத்தாலும் மோதலாலும் கொன்றால் ஹராம்.

அக்காலத்தில் களிமண் உருண்டையை வில்லில் வைத்து அடிப்பார்கள். அதற்கு 'புந்துகா' என்று பெயர். அதனால் செத்த பறவையை மவ்கூதா என்றே ஹழ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் கருதினார்கள். பிற்காலத்தில் ஈய உருண்டை வந்தபோது, ஹனபி மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் ரத்துல் முஹ்தாரில் அதை ஆராய்ந்தார்கள். ஈயக் குண்டு தன் வேகத்தால் ஏற்படும் கனத்தாலும் சூட்டாலும் காயப்படுத்துகிறது, அதற்குக் கூர் இல்லை, ஆகவே அதனால் செத்தது ஆகாது என்பது அவர்கள் முடிவு. ஷாபிஈ மத்ஹபிலும் உருண்டைக் குண்டால் செத்தது ஹராமே. மாலிகி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் சிலரும், யமன் நாட்டு ஷவ்கானி (ரஹ்) அவர்களும் குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் ஆகும் என்று கூறியிருக்கிறார்கள். அவர்களை நாம் கண்ணியப்படுத்துகிறோம். ஆயினும் நம் பகுதி மக்கள் ஹனபிகளும் ஷாபிஈகளுமாக இருப்பதால், நம் மத்ஹபின் தீர்ப்புப்படி நடப்பதே நமக்குப் பேணுதல்.

கூர்முனையுள்ள ரைபிள் குண்டு பற்றி இக்கால ஆலிம்களிடையே தனி ஆராய்ச்சி உண்டு. ஆனால் முயலுக்குச் சுடும் ரவை 4 நம்பரானாலும் 6 நம்பரானாலும் உருண்டைதான். ஆகவே நம்பரை மாற்றுவதால் மஸ்அலா மாறாது.

உயிரோடு கிடைத்தால்?

குண்டு பட்ட முயல் உயிரோடு கைக்குக் கிடைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி முறைப்படி அறுக்கப்பட்டால் அது ஆகும். மூச்சுக் குழாயும் இரைக் குழாயும் முழுமையாக அறுபட வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபு. அவ்விரண்டும் பக்கத்து இரண்டு நாளங்களும் ஆகிய நான்கில் மூன்றேனும் அறுபட வேண்டும் என்பது ஹனபி மத்ஹபு. அறுக்கும்போது முயலிடம் நிலையான உயிர் இருக்க வேண்டும் என்று ஷாபிஈ அறிஞர்கள் நிபந்தனையிடுகிறார்கள். இரத்தம் வேகமாகப் பீறிடுவதும் உடல் வலுவாகத் துடிப்பதும் அதன் அடையாளங்கள். சுடும்போது பிஸ்மில்லாஹ் சொன்னேன், ஆகவே செத்தாலும் பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். பிஸ்மில்லாஹ் என்ற திருவசனம் உருண்டையைக் கத்தியாக்கி விடாது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வேட்டைக்காரர் நல்ல தோட்டா என்று எதைச் சொல்கிறார்? பட்ட இடத்திலேயே முயலைச் சாய்ப்பதைத்தான். அப்படிச் செத்தால் நமக்கு ஆகாது. சரி, சாகாமல் காயம் மட்டும் படும்படிச் சுடலாமா? அது பிராணிக்குச் செய்யும் கொடுமை. அறுக்கும்போது கூடக் கத்தியைத் தீட்டிக் கொள்ளுங்கள், பிராணிக்கு இலகுவாக்குங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். முஸ்லிம் ஷரீபில் இந்த ஹதீது வருகிறது. காலொடிந்து, வயிற்றில் ரவையோடு கரும்புக் கொல்லைக்குள் ஓடி, இரண்டு நாள் கிடந்து சாகும் முயலுக்கு யார் பதில் சொல்வது? நல்ல தோட்டாவானால் கறி ஆகாது. கறி ஆக வேண்டுமானால் முயல் துடிக்க வேண்டும். ஆகவே நம் மத்ஹபின்படி முயலுக்கு ரவைத் துப்பாக்கி ஏற்ற கருவியே அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் இயற்றப்பட்டது. முன்பு லைசென்ஸ் பெற்றுச் சிறு பிராணிகளை வேட்டையாடும் வழி இருந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கோடு முயலுக்குப் போன கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1991ல் வந்த திருத்தம் அந்த வழியை அடைத்து விட்டது. காட்டு முயல் பாதுகாக்கப்பட்ட பிராணி. 2022ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இத்தகைய குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் வலை கட்டுவதும் வேட்டைதான்.

சகோதரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பெற்ற பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் துப்பாக்கியை வைத்துக் கொள்ளத்தான் அனுமதி. வேட்டைக்கு அனுமதி அல்ல. பயிர்ச் சேதம் பொறுக்க முடியாமல் போனால் வனத்துறையிடம் எழுத்து மூலம் மனுச் செய்யலாம். அதிகாரம் பெற்ற அதிகாரி காரணத்தைக் காட்டி எழுத்து மூலம் உத்தரவு கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அப்படிக் கொல்லப்பட்டதும் சரி, சட்டத்தை மீறிக் கொல்லப்பட்டதும் சரி, அரசாங்கத்தின் சொத்து என்று அதே சட்டம் கூறுகிறது. நம் நிலத்தில் விழுந்தது என்பதற்காக அது நம்முடையதாகி விடாது.

இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பக் கூடாது. சட்டத்தை மீறிப் பிடித்த முயலை உயிரோடு முறைப்படி அறுத்தால், அது செத்த பிராணியைப் போல ஆகி விடாது. ஆனால் பொதுமக்கள் நன்மைக்காக இடப்பட்ட கட்டளையை மீறிய குற்றமும், பிறர் சொத்தில் கை வைத்த பாவமும் நம் தலையில் நிற்கும். ஒரு ராத்தல் கறிக்காக வீட்டுத் தலைவர் கோர்ட்டு வாசலில் நிற்பதும், பிள்ளைகள் தலை குனிவதும் அறிவுடைமையாகுமா? நாயகம் (ஸல்) அவர்கள், வேட்டையின் பின்னே ஓடுபவன் பராமுகமாகி விடுவான் என்ற கருத்தில் எச்சரித்திருக்கிறார்கள். இரவெல்லாம் முயலுக்கு விழித்தவன் பஜ்ரைத் தூக்கத்தில் விடுவதை நாமே பார்க்கிறோம்.

தூரமும் ஆபத்தும்

6 நம்பர் ரவை முயலை 35 கஜத்துக்குள் கொல்லும் என்றோம். ஆனால் அது அங்கேயே நின்று விடுவதில்லை. சற்று உயர்த்திச் சுட்டால் 200 கஜத்துக்கு மேலும் பறக்கும். முண்டியம்பாக்கம் எப்படிப்பட்ட ஊர்? ஒரு பக்கம் சென்னை – திருச்சி நெடுஞ்சாலை, ஒரு பக்கம் ரயில் பாதை, நோயாளிகள் வந்து போகும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, நடுவே கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள். ஆள் உயரக் கரும்புக்குப் பின்னால் யார் குனிந்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? கல்லை விரலால் சுண்டி எறிவதைக்கூட நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டையைக் கொல்லாது, எதிரியையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைக் கெடுக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சுண்டிய கல்லுக்கே இந்த எச்சரிக்கை என்றால், 285 ரவைகள் கொண்ட தோட்டாவுக்கு எவ்வளவு பொறுப்பு வேண்டும்!

கறியில் தங்கும் ஈயம்

தாய்மார்கள் அறிய வேண்டிய விஷயம் ஒன்று. தோட்டா ரவை பெரும்பாலும் ஈயம். உடலில் பாயும்போது அது தூள்களாக உதிர்கிறது. கண்ணுக்குத் தெரிந்த ரவையைப் பொறுக்கி எடுத்தாலும் தெரியாத தூள் கறியில் தங்கி விடும். புளிப்புச் சேர்த்துச் சமைத்தால் ஈயம் இன்னும் அதிகமாகக் கரைகிறது. நம் வீட்டுக் குழம்பில் புளி இல்லாமலா? ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் தீங்கு. இவ்வளவு வரை கெடுதியில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்குத் தெரியவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை அமெரிக்கா 1991ல் நாடு முழுவதும் நிறுத்தியது. 2025ல் பிரிட்டிஷ் அரசும் பெரும்பாலான ஈயத் தோட்டாக்களைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தது. ஆகவே மச்சான் அங்கே முறைப்படி வேட்டைக்குப் போனாலும் எஃகு போன்ற ஈயமில்லாத ரவையை, அந்தத் துப்பாக்கி தாங்குமா என்று விசாரித்து எடுத்துக் கொள்வது நலம். பழைய துப்பாக்கிகள் சில எஃகு ரவைக்கு ஏற்றவையல்ல. அவருக்கும் நாம் சொல்லும் மஸ்அலா ஒன்றே: உயிரோடு எட்டி, அறுத்ததை மட்டும் உண்ணுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது?

முயல் கறி வேண்டுமானால் வளர்ப்பு முயல் இருக்கிறது. அதை வளர்ப்பதற்கும் அறுப்பதற்கும் வேட்டைத் தடை பொருந்தாது. சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜயன்ட் போன்ற இனங்களைக் கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிறார்கள். பெண் முயல் சினைப்பட்டு 30 நாள் அளவில் குட்டி போடும். முருங்கைத் தழை, அகத்தி, புல் என்று வீட்டுப் பெண்கள் கையாலேயே தீனி போடலாம். பெருநாளுக்கு விருந்தினர் வந்தால், கூர்மையான கத்தியால், கிப்லாவை நோக்கி, பிஸ்மில்லாஹ் அல்லாஹு அக்பர் சொல்லி அறுக்கலாம். சந்தேகமே இல்லாத உணவு.

கடலையைக் காப்பாற்ற, செடி இளசாக இருக்கும் நாட்களில் வயலைச் சுற்றித் தாழ்வான கம்பி வலை அடிப்பது, வரப்புப் புதரைக் களைந்து முயலுக்குப் பதுங்க இடமில்லாமல் செய்வது, இரவுக் காவல் ஆகியவை போதும். மேற்கொண்டு யோசனைக்குத் திண்டிவனத்து வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். டி.எம்.வி. என்ற பெயரோடு வரும் கடலை ரகங்களைத் தந்த ஊர் அல்லவா அது! செடியைத் தின்ற முயலும் அல்லாஹ்வின் படைப்பே. வீணுக்காகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் முறையிடும் என்று ஹதீதில் வந்திருப்பதை மறக்க வேண்டாம்.

சகோதரருக்கு

உங்கள் தாயார் ஷரஹு நூல்களைப் படித்தவர்களோ இல்லையோ, சட்டியைக் கவிழ்த்து வைத்தது சரியான செயல். கறி கொண்டு வந்தவர் அறுத்தாரா, எந்நிலையில் அறுத்தார் என்று தெரியாதபோது ஒதுக்கி வைப்பதே பேணுதல். அவர்களிடம் போய், "அம்மா, நீங்கள் சொன்னதுதான் மஸ்அலா" என்று சொல்லி மனம் குளிர வையுங்கள். நண்பரிடமும் கடுமை காட்டாமல் எடுத்துச் சொல்லுங்கள். தெரியாமல் செய்தவர்களே அதிகம். துப்பாக்கியைப் பூட்டி வைத்து, தோட்டாவைத் தனியே வேறிடத்தில் வைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பாதுகாத்துக் கொள்ளுங்கள். தேவையில்லை என்று தோன்றினால் முறைப்படி ஒப்படைத்து விடுவதும் நல்லதே.

எந்த நம்பர் தோட்டா என்று கேட்டீர்கள். முண்டியம்பாக்கத்து முயலுக்கு எந்த நம்பரும் வேண்டாம் என்பதே நம் பதில். மேலும் சந்தேகமிருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடமோ, அருகிலுள்ள மதரஸா ஆலிம்களிடமோ கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஹலாலானதைத் தேடி உண்டு, சந்தேகமானதை விட்டு விலகி, வாயில்லாப் பிராணிகளிடமும் இரக்கம் காட்டும் நல்லடியார்களாக வாழ வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.